கச்சானுக்குப் போனவர்கள்

இது நடந்து ரெண்டு வருஷம் இருக்கும். சித்திரைப் புதுவருஷம் முடிஞ்சு, பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்திருந்த காலம். நுரைச்சோலைக்கும் கல்பிட்டிக்கும் இடையில, கடலோரமா இருக்கிற ஒரு நண்டு பதனிடுற தொழிற்சாலையில ஆளணிப் பிரிவுக்கு நான் பொறுப்பா இருந்தேன். பொறுப்பு என்றதும் பெரிய கந்தோர் என்று நினைச்சிராதீங்க. ஒரு மேசை, ஒரு அலுமாரி, ரெண்டு கதிரை, பிறகு நான். லீவு கேட்கிறவங்க, சண்டை பிடிச்சிட்டு வாறவங்க, வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா என்று விசாரிக்கிறவங்க, எல்லாரும் வந்து நிக்கிறது அந்த மேசைக்கு முன்னால தான்.

என்ட ஊர் வண்ணாத்திவில்லுப் பக்கம். வாப்பா தோட்டக்காரர். எங்க வீட்டு ஆக்களுக்குக் கடல் என்றால் பெருநாளைக்கு வாடகைக்கு வான் பிடிச்சுப் போய்ப் பார்த்திட்டு வாற ஒன்று, அவ்வளவுதான். இதை ஏன் முதல்லயே சொல்றேன் என்று போகப் போக விளங்கும்.

எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. ஆராவது ஒரு கதை சொன்னா, எதை வச்சுச் சொல்றீங்க என்று கேட்காம விடமாட்டேன். சின்ன வயசிலிருந்தே இப்பிடித்தான், உம்மாட்ட எத்தனையோ தரம் ஏச்சு வாங்கியிருக்கேன். கொழும்பில ஒரு பயிற்சிக்குப் போனதோட அது இன்னும் கூடிட்டுது. ஆளை வேலைக்கு எடுக்கிறதையும் நிப்பாட்டுறதையும் மனசில பட்டபடி செய்யக் கூடாது, ஆய்வு செஞ்சவங்க என்ன சொல்றாங்க, எங்கட சொந்த இடத்துக் கணக்கு என்ன சொல்லுது, அனுபவம் உள்ளவங்க என்ன சொல்றாங்க, அந்த முடிவால பாதிக்கப்படப் போறவங்க என்ன சொல்றாங்க, இவ்வளவும் பார்த்துத்தான் முடிவெடுக்கோணும் என்று அங்க படிப்பிச்சவர் சொன்னார். எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. திரும்பி வந்து எங்கட மனேஜர் சேரை ஒரு வழி பண்ணிட்டேன். இந்தப் பொம்பிளையளுக்குச் சோம்பல் கூடிட்டுது என்று அவர் வாய் திறந்தாப் போதும், எதை வச்சு சேர் சொல்றீங்க என்று நிப்பேன். வேலை செய்யிற பொம்பிளையள் எனக்குச் சாட்சி மிஸ் என்று பட்டம் வச்சிருந்தாங்க. எனக்கு அதில கொஞ்சம் பெருமை கூட.

அதுக்கு முந்தின வருஷம், நடு மாசங்கள்ல எங்கட உற்பத்தி படுத்திட்டுது. பொம்பிளையள் கூட்டமா வேலையை விட்டிட்டுப் போறாங்க, அதுதான் காரணம் என்று மனேஜர் கொழும்புக்கு எழுதிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு புது டிரெக்டர் வந்திருந்தார். உடுப்புத் தொழிற்சாலைகள்ல இருந்து வந்த மனுசன், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனா நியாயமான ஆள். இவங்க ஏன் போறாங்க என்று கண்டுபிடிச்சு எனக்கு ஆதாரத்தோட எழுதுங்க என்று என்னட்டச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், கடைசியில ஒரு ஆள் ஆதாரம் கேட்டாரே என்று நான் துள்ளிக் குதிச்சேன்.

போனவங்க, போயிட்டுத் திரும்பி வந்தவங்க எல்லாருக்கும் ஒவ்வொருவரா போன் போட்டேன். ஆரையும் விடல்ல. எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே பதில்தான் சொன்னாங்க. கச்சான் தானே மிஸ். கச்சான் தொடங்கினா அங்கால போகோணும். கச்சான் முடிஞ்சதும் வாறது தானே.

எங்க ஊர்ல கச்சான் என்றால் நிலக்கடலை. வேற ஒன்றும் இல்ல. வாப்பா வருஷா வருஷம் கச்சான் போடுவார். பிடுங்குற காலம் வந்தா ஆள் கிடைக்காம அலைவார், எங்கெங்கயோ இருந்து பொம்பிளையள் நாள் கூலிக்கு வருவாங்க, பிடுங்கி முடிஞ்சதும் போயிருவாங்க. அதனால எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரல்ல. ஓ, இவங்களும் கச்சான் பிடுங்கத்தான் போறாங்க என்று நினைச்சேன். என்ன கச்சான், எங்க போறீங்க என்று ஒரு சொல்லுக் கேட்டிருந்தாக் கதை அதோட முடிஞ்சிருக்கும். தெரிஞ்ச விசயத்தை ஆரும் கேட்பாங்களா?

அறிக்கையைச் சிங்களத்தில எழுதினேன். அதால கச்சான், நிலக்கடலைக்குச் சிங்களத்தில சொல்ற ரட்டகஜுவா மாறிக் கொழும்புக்குப் போச்சு. தமிழ் தெரிஞ்ச ஆராவது வாசிச்சிருந்தா அந்தச் சொல்லில தடக்கி நின்றிருப்பாங்க. ரட்டகஜு என்ற பிறகு ஆருக்கு என்ன சந்தேகம் வரப் போகுது.

டிரெக்டர் கூப்பிட்டுப் பாராட்டினார். இந்தக் கம்பனியில ஆதாரத்தோட பேசுற முதல் ஆள் நீங்கதான் என்றார். பிறகு அந்த ஆதாரத்தை வச்சே முடிவும் எடுத்தார். தோட்டக் கூலிக்காக எங்களை விட்டிட்டுப் போறவங்க எங்களுக்கு வேண்டாம். போன வருஷம் போயிட்டு வந்தவங்களை இந்தப் பருவம் தொடங்க முதல் நிப்பாட்டுறது, இனி அந்த மீனவக் கிராமங்கள்ல ஆள் எடுக்கிறதில்ல, வெளியில இருந்து ஏஜென்சி மூலமா ஆள் கொண்டுவாறது. ஒரு டசினுக்குக் கிட்டக் கடிதங்கள். அதையெல்லாம் டைப் பண்ணினதும் நான்தான். டைப் பண்ணும்போது ஒரு பெயரில மட்டும் கை நின்றது.

அது மேசை அக்காட பெயர். நண்டுச் சதை பிரிக்கிற மேசையைப் பொறுப்பா நடத்துறவங்க. களப்புக் கரையோரம் இருக்கிற வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்க ஆக்கள், புருஷன் சின்ன போட் வச்சுத் தொழில் செய்யிறவர். வாய் கொஞ்சம் பெரிசு, கை அதைவிட வேகம். ஒரே மகள், அந்த வருஷம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தா. அந்தப் பிள்ளைட மார்க்ஸ் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம், அவ்வளவுக்கு மேசையில நின்று சொல்லிட்டே இருப்பாங்க.

கடிதம் குடுக்கிற நாள் வந்தது. டிரெக்டர் கொழும்பில இருந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் வச்சு, எல்லாத்தையும் உறுதிப்படுத்துறது. வேலை முடிஞ்சு பஸ் ஏற வரும்போது கேட்டடியில வச்சுக் கடிதத்தைக் குடுக்கிறது. அதுதான் திட்டம். எல்லாருக்கும் முன்னால, கேட்டடியில, மேசை அக்காட கையில அதைத் திணிக்க எனக்கு மனம் வரல்ல. முதல்ல தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருவோம் என்று காலையிலயே ஆள் அனுப்பினேன்.

பூட்ஸும் தொப்பியுமா, ஏப்ரனில கை துடைச்சுக்கொண்டு வந்து நின்றாங்க. கதிரையில இருக்கச் சொன்னதும் முகம் மாறிட்டுது. எங்கட தொழிற்சாலையில கதிரை குடுத்தா ஏதோ கெட்ட செய்தி என்று எல்லாருக்கும் தெரியும். எப்பிடித் தொடங்குறது என்று தெரியாம, நான் சுத்தி வளைச்சுக் கேட்டேன்.

“இந்த வருஷமும் கச்சானுக்குப் போவீங்க தானே அக்கா?”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. பிறகு சிரிச்சிட்டாங்க.

“கச்சானுக்கு ஆர் மிஸ் போறது? கச்சான் தானே எங்களத் தேடி வாறது.”

நான் சிரிக்கல்ல. எனக்கு விளங்கவும் இல்ல. என்ட முகத்தைப் பார்த்திட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி விரலால ஜன்னலைக் காட்டினாங்க. வெளியில காத்தாலை இறக்கைகள் சுத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் கொக்கி காலையிலிருந்தே தட்டிக்கொண்டிருந்தது, நான்தான் கடதாசி மடிச்சுச் செருகி வச்சிருந்தேன்.

“இந்தா, இது தான் மிஸ் கச்சான். மேல்காத்து, மேற்கால இருந்து அடிக்கிறது. இது பெலத்தா இந்தக் கரையில சின்ன போட் இறக்கேலாது. எங்கட ஆக்கள் எல்லாம் கிழக்குக் கரைக்கு, முல்லைத்தீவுப் பக்கம் போய், குடிசை அடிச்சு வாடி போட்டுத் தொழில் செய்யிறது. போன வருஷம் நானும் சமைச்சுக் குடுக்கப் போனேன். இந்த முற மாட்டேன். மகளுக்குச் சோதினை எல்லோ.”

யா அல்லாஹ், நான் என்ன எழுதி அனுப்பியிருக்கேன்.

அவங்க நிப்பாட்டல்ல, சொல்லிக்கொண்டே போனாங்க. நிக்கிறதுக்கு வீட்டில பெரிய சண்டையாம். குடும்பமாப் போவோம், அங்க ஒரு பள்ளியில பிள்ளையைச் சேர்ப்போம், இல்லாட்டி ஒரு வருஷம் பிந்தி எழுதட்டும் என்று புருஷன் சொல்லியிருக்கார். எனக்கு இங்க வேலை இருக்கு, என்னால வரேலாது என்று இவங்க ஒரே பிடியா நின்றிருக்காங்க. “அந்த ஒரு சொல்லில தான் மிஸ் நான் நிக்கிறேன். வேலையும் இல்லண்டா எதச் சொல்லி நிக்கிறது? அடுத்த கிழமையே கூட்டிட்டுப் போயிருவார். பிள்ளைட படிப்பு அதோட சரி.”

கடிதம் என் கைக்குக் கீழ இருந்தது. முழுசா மறைஞ்சிருக்கு என்றுதான் நினைச்சேன். மறையல்ல. அது சிங்களத்தில எழுதின கடிதம், அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா சம்பளக் கடதாசியில மாசம் மாசம் பார்த்துப் பார்த்து, தன்ட பெயர் சிங்களத்தில எப்பிடி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தது. விரலை நீட்டி அந்தக் கடதாசியைக் காட்டினாங்க.

“அது என்ட பேர் தானே மிஸ்?”

பொய் சொல்ல வாய் வரல்ல. ஓம் என்றேன். இன்னும் முடிவில்ல, பின்னேரம் சொல்றேன், இப்ப போய் வேலையைப் பாருங்க என்றேன். ஏன் எதுக்கு என்று ஒன்றும் கேட்கல்ல. எழும்பி, கதிரையை இழுத்த இடத்திலயே திரும்ப வச்சிட்டுப் போனாங்க. சத்தம் போட்டு ஏசியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

நேரா மனேஜரிட்ட ஓடினேன். விசயத்தைச் சொன்னதும் அவர் கதவைச் சாத்தினார். “மிஸ், வாய மூடிட்டு இருங்க. எழுதினது நீங்க. பாராட்டு வாங்கினதும் நீங்க. இப்ப போய்ப் பிழை எண்டு சொன்னா உங்கள ஆர் நம்புவா?” என்று மெதுவாத்தான் கேட்டார். அதில ஒரு பிழையும் இல்ல. என்ட வேலை இன்னும் நிரந்தரமாகல்ல, அது அந்த டிரெக்டர்ட கையில இருந்தது. அதோட, அவர் முகத்தில இருந்த பயம் எனக்காகப் பட்ட பயம் இல்ல என்றும் தெரிஞ்சது. ஆனா என்ன பயம் என்று அப்ப பிடிபடல்ல.

சாப்பாட்டு நேரம் கென்டீனுக்குப் போய், பட்டியல்ல இருந்த மற்றப் பொம்பிளையளிட்டயும் கேட்டேன். இந்த முறை சரியாக் கேட்டேன். கச்சான் என்று எதைச் சொல்றீங்க, எங்க போறீங்க, இந்த வருஷம் ஆர் ஆர் போறீங்க? முதல் கேள்விக்கே மேசை முழுக்கச் சிரிச்சது. மிஸ்ஸுக்குக் காத்தும் தெரியாது என்று ஒரு தங்கச்சி சொன்னா. சிலர் போறதா இருந்தாங்க. சிலர் போகல்ல. ஒருத்திட புருஷனுக்கு அனல்மின் நிலையத்தில வேலை கிடைச்சிருந்தது, இனி அவ எங்கயுமே போகப் போறதில்ல. எல்லாருக்கும் ஒரே கடிதம் என்ட மேசையில கிடந்தது. மேசை அக்கா மட்டும் சோத்துப் பார்சலைப் பிரிக்காம, மூலையில இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. லுஹர் தொழுதேன், எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கே தெரியல்ல.

கூட்டம் தொடங்கினது. டிரெக்டர், மனேஜர், நான். டிரெக்டர் என்ட அறிக்கையை மேசையில வச்சு, இதுக்குத்தான் நான் இவவைப் பாராட்டினேன் என்று தொடங்கினார். அதுக்கு மேல அவரைப் பேச விட்டா எனக்குத் தைரியம் போயிரும் என்று தெரிஞ்சது. “சேர், அந்த அறிக்கை பிழை” என்றேன். என்ட குரல் எனக்கே கேட்கல்ல. திரும்பச் சொன்னேன்.

நடந்ததை ஒன்றும் மறைக்காமச் சொன்னேன். கச்சான் என்ற சொல்லுக்கு எங்க ஊர்ல கடலை, இந்தக் கரையில காத்து. அவங்க சொன்னது காத்தை. நான் எழுதினது கடலையை. அவர் சிரிப்பார் என்று நினைச்சேன், சிரிக்கல்ல. கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, ஆறுதலா ஒரு கேள்வி கேட்டார். கடலையோ காத்தோ, எனக்கு அதில என்ன வித்தியாசம்? ரெண்டுக்கும் அவங்க போறாங்க தானே? ஆள் இல்லாம உற்பத்தி விழுந்தது தானே?

மனேஜர் நிமிர்ந்து இருந்தார். ஆர் போறா, ஆர் போகல்ல என்று நான் எழுதி வச்சிருந்த துண்டைப் பார்க்கிறேன், எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியல்ல. டிரெக்டர் பேனையைத் திறந்தார். அந்தப் பேனை கடதாசியில பட்டா ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தால நிக்கப் போகுது என்று அந்த அறையில எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியில, மர நிழல்ல எங்கட ஸ்டாஃப் பஸ் நின்றது. ட்ரைவர் நானா, நாங்க அண்ணனை அப்பிடித்தான் கூப்பிடுறது, ஸ்டியரிங்கில தலை வச்சுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் ஒரு ஏச்சு ஞாபகம் வந்தது. போன வருஷம் நடு மாசங்கள்ல அந்த மனுசன் என்னோட பெரிய சண்டை. ஒழுங்கா ஒரு சோறு தின்ன விடுறீங்களா பிள்ள, நாளுக்கு நாள் மத்தியானத்தோட கூப்பிடுறீங்களே என்று போன்ல கத்தினவர். ஏன் கூப்பிட்டேன்? பொம்பிளையளை வீட்ட அனுப்புறதுக்கு. மேசையில வேலை இல்லாததால.

“சேர், ஒரு நிமிஷம்” என்றேன். “ஆள் போதாம உற்பத்தி விழுந்தது எண்டா, இருந்த ஆக்களை ஏன் நாங்க மத்தியானத்தோட பஸ் ஏத்தி அனுப்பினோம்?”

டிரெக்டர் மெதுவா மனேஜர் பக்கம் திரும்பினார். மனேஜர் போனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில, அந்த மாசங்கள்ல நண்டு வரத்துக் குறைவு சேர் என்றார். ஏன் குறைவு என்று கேட்டார் டிரெக்டர். காத்து சேர், போட் இறங்கல்ல. அதை அவர் சொல்லி முடிக்கும்போதுதான், காலையில அவர் முகத்தில கண்ட பயம் எனக்கு விளங்கினது. நண்டு வாங்குறதுக்குப் பொறுப்பு அவர். வேற கரையில இருந்து நண்டு எடுக்க ஒழுங்கு செய்யாததைச் சொல்றதை விட, பொம்பிளையள் போயிட்டாங்க என்று எழுதுறது லேசு. மேசையில வேலை இல்லாமப் போனதும் காத்தால, பொம்பிளையள் போனதும் காத்தால. ஒன்றை மற்றதுக்குக் காரணம் என்று நாங்க முடிச்சுப் போட்டிட்டோம். நல்ல வடிவான முடிச்சு, அதுக்கு ஆதாரம் கொண்டுவந்து குடுத்தது நான்.

டிரெக்டர் பேனையை மூடினார். எனக்கு நன்றி எல்லாம் சொல்லல்ல. உங்கட அறிக்கையை நம்பி நான் கையெழுத்து வைக்க இருந்தேன், இன்னொரு முறை இப்பிடி நடந்தா உங்களை நான் வச்சிருக்க மாட்டேன் என்றார். கடிதங்களைக் கிழிக்கச் சொன்னார். போறவங்களை முதல்லயே கேட்டு, காத்து முடிஞ்சு வந்தா திரும்ப எடுக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு எழுதித் தாங்க என்றார். என்ட வேலை நிரந்தரமாகிறது அந்த வருஷம் பிந்திட்டுது. மனேஜர் அதுக்குப் பிறகு என்னோட ஒரு பிளேன்டீ குடிச்சதில்ல.

கூட்டம் முடிஞ்சு நேரா மேசைக்குப் போனேன். மேசை அக்கா தலை நிமிரல்ல, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில போய்க் குனிஞ்சு, கடிதம் இல்ல அக்கா, வேலை இருக்கு என்றேன். கை நின்றது.

“மகளிட்டச் சொல்லட்டா மிஸ்?” என்று கேட்டாங்க.

சொல்லுங்க என்றேன். அதுக்கு மேல அங்க நிக்க என்னால முடியல்ல. பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அழுதேன். சந்தோஷமா, வெட்கமா, எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல்ல.

அந்த வருஷக் கச்சான் பெலமாத்தான் அடிச்சது. பாதி நாள் பஸ் மத்தியானத்தோட போச்சு, ட்ரைவர் நானாட ஏச்சும் குறையல்ல. மேசை அக்காட புருஷன் தனியாத்தான் முல்லைத்தீவுக்குப் போனார். ஆவணி மாசம் தலவில் தேவாலயத் திருவிழா முடிஞ்ச அடுத்த நாள், என்ட மேசைக்கு முன்னால வந்து நின்றாங்க. எங்க பக்கம் திருவிழாவுக்குப் போனா வீட்டுக்குக் கச்சான் வாங்காம ஆரும் திரும்பி வரமாட்டாங்க. பெரிய கடதாசிச் சுருள் ஒன்றை மேசையில வச்சாங்க. பின்னால அந்த மேசைப் பொம்பிளையள் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாங்க.

“மிஸ், பயப்பிடாதீங்க. இது தின்னுற கச்சான்” என்றாங்க.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சூடு ஆறாத ஒரு கதையை அவங்க எவ்வளவு லேசா எனக்குத் திருப்பித் தந்தாங்க என்று இப்பவும் யோசிப்பேன். அவங்கட மகள் அந்த முறை பரீட்சை எழுதினா, இப்ப உயர்தரம் படிக்கிறா.

நான் இப்பவும் ஆதாரம் கேட்கிற ஆள்தான், அது மாறல்ல. ஆனா என்ட ஊர்ச் சொல்லை இன்னொருத்தர்ட வாயில வச்சு ஒரு பிள்ளைட படிப்பை நான் நிப்பாட்ட இருந்தேன் என்ற நினைப்பு, ஒவ்வொரு கடிதத்திலயும் ஒப்பம் வைக்க முதல் என்ட கையைப் பிடிச்சு, போய் இன்னொருக்கா கேட்டிட்டு வா என்று அனுப்புது.